சத்திரத்து மணி

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை மிகப் பழையது. அது செங்குன்றத்தையும் சோழவரத்தையும் கடந்து, காரனோடையில் கொற்றலையாற்றைத் தாண்டி, பஞ்செட்டி, தச்சூர், கவரைப்பேட்டை ஆகிய ஊர்களின் வழியே கும்மிடிப்பூண்டியை அடைகின்றது. அப்பால் எளாவூரும் ஆரம்பாக்கமும் கடந்து ஆந்திர நாட்டிற்குள் புகுகின்றது. காசிக்குச் சென்றோரும், இராமேசுவரத்திற்கு வந்தோரும், பண்டம் சுமந்த வணிகரும், படை நடத்திய வேந்தரும் இவ்வடதிசை வழிகளில் நடந்தனர். இக்காலத்தில் இச்சாலை இரவும் பகலும் உறங்குவதில்லை. இரும்பும் உருளிப்பட்டையும் வேதிப்பொருளும் ஏற்றிய சரக்குந்துகள் ஒன்றையொன்று தொடர்ந்து ஓடுகின்றன.

இச்சாலையில் காரனோடைக்கும் பஞ்செட்டிக்கும் இடையே ஜனப்பன்சத்திரம் என்றோர் ஊர் உண்டு. பேருந்தின் நடத்துநர் அப்பெயரை நாள்தோறும் பலமுறை உரக்கக் கூவுகின்றார். மாணவரும் தொழிலாளரும் அங்கு ஏறுகின்றனர், இறங்குகின்றனர். எனினும், இரவு தங்கிச் சோறுண்டு செல்வதற்காக அங்கு இறங்குவார் இன்று ஒருவரும் இலர். பூந்தமல்லிக்கு அருகே குமணன்சாவடி, கரையான்சாவடி, வேலப்பன்சாவடி என மூன்று ஊர்கள் உள்ளன. காஞ்சிபுரப் பகுதியில் சுங்குவார்சத்திரமும் பாலுசெட்டிசத்திரமும் உள்ளன. தொழில் போயினும் பெயர் போகாது நிற்பது ஊர்ப்பெயர்களின் இயல்பு. அப்பெயர்கள் நமக்கு ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அச்செய்தி யாது என்பதை ஆராய்வோம்.

சத்திரம் என்பது வடசொல். பல நாள் நிகழும் வேள்வியைக் குறித்த அச்சொல், நாளடைவில் அன்னக்கொடையையும், அக்கொடை நிகழும் இடத்தையும் குறிப்பதாயிற்று. சாவடி என்பது வழிச்செல்வோர் தங்கும் இடம். ஆங்கிலேயர் அச்சொல்லைத் திரித்துச் 'சௌல்ட்ரி' என்று வழங்கினர். இச்சொற்கள் வழக்கிற்கு வருமுன்பே அவற்றாற் குறிக்கப்படும் அறம் தமிழகத்தில் இருந்தது. அம்பலம், பொதியில், மன்றம் என்பன பழந்தமிழர் ஊர்களில் யாவர்க்கும் உரிய பொதுவிடங்களாய் இருந்தன. பூம்புகாரில் உலக அறவி என்னும் பொதுமன்றம் இருந்ததை மணிமேகலைக் காப்பியத்தால் அறிகின்றோம். போக்கிடமற்றோரும் பிணியாளரும் அடைக்கலம் பெற்ற அவ்விடத்திலேதான் மணிமேகலை அமுதசுரபியை ஏந்திப் பசிப்பிணி போக்கினாள்.

கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் மக்கள் வழிச்சென்ற காலத்தில் ஒருவர் ஒரு நாளில் 20 அல்லது 25 கிலோமீட்டர் செல்வதே அரிது. பொழுது சாய்ந்தபின் காட்டு வழியில் கள்வர் அச்சமும் விலங்கின் அச்சமும் உண்டு. அறியாத ஊரில் அறியாதார் வாயிலைத் தட்டுதல் எளிதன்று. ஆதலின் ஒரு நாள் நடைக்கு ஒரு தங்குமிடம் வேண்டியதாயிற்று. அரசரும் வணிகரும் செல்வரும் சாலையோரங்களில் சத்திரம் கட்டினர். அதன் அருகே குளம் வெட்டினர், கிணறு தோண்டினர், நிழல் தரும் மரங்களை வளர்த்தனர். கட்டடம் மட்டும் அறம் செய்யாது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆகவே, நாள்தோறும் உலை கொதிப்பதற்கு உரிய நெல் விளையும் நிலங்களையும் சத்திரத்திற்கு எழுதிவைத்தனர். கட்டியவர் மறைந்த பின்னும் அடுப்பு அணையாதிருத்தற்கு அந்நிலமே முதலாயிற்று.

செல்வரால் சத்திரம் அமைக்க இயலும்; எளியோர் என் செய்வர்? அவர்கள் கோடைக்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்தனர். சுமைதாங்கிக் கல் நிறுத்தினர். தலைச்சுமையோடு வருவோர் பிறர் உதவியின்றித் தம் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறுதற்குரிய மேடையே சுமைதாங்கி. கருவுற்ற நிலையில் இறந்துபட்ட பெண்களின் நினைவாக அக்கல்லை நாட்டுதல் தமிழ்நாட்டு வழக்கம். தம் வீட்டுத் துயரைப் பிறர் தலைச்சுமையைக் குறைப்பதனால் ஆற்றிக்கொண்ட அம்மக்களின் உள்ளம் எத்தகையது என எண்ணிப் பார்த்தல் வேண்டும். இனிக் கூறப்போகும் பெருஞ்சத்திரமும் இத்தகைய துயர் ஒன்றிலிருந்தே எழுந்தது.

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் ஒரத்தநாடு என்னும் ஊர் உள்ளது. அவ்வூருக்கு முத்தம்பாள்புரம் என்ற பெயரும் உண்டு. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னருள் இரண்டாம் சரபோசி 1798-இல் அரியணை ஏறினார். சரசுவதி மகால் நூல்நிலையத்தை விரிவாக்கி நமக்கு அளித்துச் சென்றவர் அவரே. அவர் அன்பிற்கு உரியவளாய் இருந்த முத்தம்பாள் என்னும் நங்கை இளமையிலேயே நோயுற்று மறைந்தாள். தன் பெயரால் வழிப்போக்கர்க்குச் சோறிடும் சத்திரம் ஒன்று அமைத்தல் வேண்டும் என்பதே அவள் இறுதியாகக் கேட்ட வரம் என்று அந்நாட்டு மக்கள் வழிவழியாகக் கூறுவர். பொன்னும் மணியும் கேளாது, தான் முகம் அறியாத வழிநடையாளரின் பசியை அவள் நினைத்தாள். மன்னர் அவ்வேண்டுகோளை நிறைவேற்றினார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம் எழுந்தது. குதிரைகளும் யானைகளும் இழுத்துச் செல்லும் தேர் போல அதன் அடித்தளத்தைக் கல்லில் செதுக்கினர். நடந்து களைத்தவர் அமர்வதற்குத் தேர் வடிவில் ஓர் இல்லம்!

அக்காலத்தில் அம்மன்னர் இருந்த நிலையையும் நாம் அறிதல் வேண்டும். 1799-இல் ஆங்கிலக் கும்பினியாரோடு ஏற்பட்ட உடன்படிக்கையால் சரபோசி மன்னர் தம் நாட்டின் ஆட்சியை அவர்களிடம் விட்டுக்கொடுத்தார். கோட்டையும், ஆண்டுக்கு ஒரு நூறாயிரம் வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே அவருக்கு எஞ்சின. நாடு கைம்மாறியபோது சத்திரங்களுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலை என்னாகும் என்ற கவலை எழுந்தது. தஞ்சையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழிகளில் அவர் முன்னோர் அமைத்த சத்திரங்கள் பல இருந்தன. அவற்றைக் காக்கும் பொருட்டு அவர் 1801-இல் கும்பினியின் பேராளருக்கு ஒரு நீண்ட மடல் விடுத்தார். நாட்டை இழந்த மன்னர் ஒருவர், அன்னம் இடும் உரிமையையாவது இழத்தல் ஆகாது என்று வாதாடிய மடல் அது.

சத்திரங்கள் எவ்வாறு நடந்தன என்பதை அம்மடலால் விளங்க அறியலாம். வழிப்போக்கராய் வந்தவர் எக்குலத்தினராயினும் அவர்க்கு உணவு உண்டு. சமைத்த சோற்றை ஏற்காதவர்க்கு அரிசியும் கறிப்பொருளும் அளிக்கப்பட்டன. நோயுற்று மேற்செல்ல இயலாதவர் நலம் பெறும்வரை அங்கேயே தங்கலாம். அவர்க்கு மருந்தும் பத்திய உணவும் தரப்பட்டன. நஞ்சு தீர்க்கும் மருத்துவரும் இருந்தனர். கருவுற்ற பெண்டிர் வந்தால் அவர்தம் மகப்பேற்றுச் செலவைச் சத்திரமே ஏற்றது; பிள்ளை பிறந்தபின் மூன்று திங்கள் அவர்கள் அங்குத் தங்கியிருக்கலாம். கைக்குழந்தைகளுக்குப் பால் வழங்கப்பட்டது. வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சத்திரத்து ஆசிரியர் தம் காவலில் ஏற்றார். அவர்களுக்கு மூன்று வேளை உணவும், உடையும், கல்வியும் கிடைத்தன. அவர்கள் விரும்பிய துறையில் கற்றுத் தேர்ந்தபின் திருமணச் செலவும் சத்திரத்தைச் சார்ந்தது. யாரும் அற்றவராய் அங்கு இறந்தவர்க்கு, அவரவர் முறைப்படி ஈமக்கடன் செய்யப்பட்டது. பிறப்பு முதல் இறப்பு ஈறாக மனிதனுக்கு நேரும் இடர்களுள் அச்சத்திரம் எண்ணாது விட்டது யாது?

இவையனைத்தினும் என் உள்ளத்தைத் தொட்டது வேறொரு செய்தி. பகல் தொடங்கி நள்ளிரவு வரை சோறு வழங்கப்படும். நள்ளிரவில் சத்திரத்தில் ஒரு மணி அடிக்கப்படும். அதுவரை உண்ணாதவர் எவரேனும் இருப்பின், வந்து தமக்கென ஆக்கிய உணவைப் பெற்றுக்கொள்ளுமாறு அவர்களை அழைக்கும் மணி அது. பசித்தவன் வாயிலில் நின்று கேட்க, உள்ளவன் கொடுப்பது ஈகை. கேட்பதற்குக் கூசியவனையும், களைப்பால் கண்ணயர்ந்தவனையும், இருளில் தாழ்ந்து வந்தவனையும் தேடிச் சென்று அழைப்பது அதனினும் உயர்ந்தது. அம்மணியோசையில் 'நீ உண்டாயா?' என்ற வினா இருந்தது. அவ்வினாவே சத்திரத்தின் உயிர்.

பழமையைப் போற்றுங்கால் அதன் குறையை மறைத்தல் முறையன்று. பல சத்திரங்களில் எல்லார்க்கும் சோறு கிடைத்ததே அன்றி, எல்லார்க்கும் ஒரே பந்தி கிடைக்கவில்லை. பிறப்பினால் உயர்ந்தோர் என்று கூறிக்கொண்டவர் உள்ளே உண்டனர். ஏனையோர் புறத்தே உண்டனர். தாழ்த்தப்பட்டோர் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். சில சத்திரங்கள் ஒரு குலத்தினர்க்கே உரியனவாய் இருந்தன. சத்திரத்துப் பாடசாலையிலும் வேதமும் வடமொழியும் ஓங்கியிருந்தன. வயிற்றுப் பசியைப் போக்கிய அறம், மானத்தின் பசியைப் போக்கத் தவறியது. இக்குறை நீங்குவதற்கு ஒரு நூற்றாண்டிற்கு மேல் ஆயிற்று.

இனி, சத்திரங்கள் ஏன் ஒழிந்தன என்பதைக் காண்போம். சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்த ஏனுகுல வீராசாமி என்பார் 1830ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் காசிக்குப் புறப்பட்டார். இன்றைய திருவள்ளூர் மாவட்டப் பகுதியினூடே திருப்பதிக்குச் சென்று, கடப்பை, ஐதராபாத்து, நாகபுரி வழியாகக் காசியை அடைந்தார். சென்னைக்கு அவர் மீண்டது 1831 செப்டம்பரில். வழிநெடுக ஒவ்வோர் இரவும் தங்கிய இடம், அங்குள்ள சத்திரம், தண்ணீர், கடை ஆகியவற்றைக் குறித்துவைத்தார். தெலுங்கில் அமைந்த அக்குறிப்பு 1838-இல் காசியாத்திரைச் சரித்திரம் என்னும் நூலாக வெளிவந்தது. பின்வருவோர்க்கு வழிகாட்டுதலே அவர் கருத்து. வழிப்பயணத்தில் சத்திரத்தின் இன்றியமையாமையை அந்நூல் நன்கு காட்டும்.

வீராசாமி வழியில் சென்றுகொண்டிருந்த அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், இங்கிலாந்தில் இலிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அந்நாட்டுச் சந்தையூர்கள்தோறும் வழிவிடுதிகள் இருந்தன. நான்கு குதிரை பூட்டிய வண்டிகள் அவற்றின் முற்றத்தில் வந்து நிற்கும். களைத்த குதிரைகளை அவிழ்த்துப் புதிய குதிரைகளைப் பூட்டுவர். பயணிகள் பணம் கொடுத்து உண்பர், உறங்குவர். இருப்புப்பாதை பரவியதும் குதிரைவண்டிகள் நின்றன. வண்டிகள் நின்றதும் விடுதிகளின் முற்றங்கள் வெறுமையாயின. பல விடுதிகள் மூடப்பட்டு, கடைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. வருவாயை நம்பிய விடுதி வருவாய் நின்றதும் மூடுதல் இயல்பே.

தமிழகத்திலும் அம்மாற்றம் விரைவில் வந்தது. 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை தொடர்வண்டி ஓடலாயிற்று. தென்னாட்டின் முதல் பயணியர் தொடர்வண்டியாகிய அது திருவள்ளூர் வழியே சென்றது. வீரராகவப் பெருமாளை வழிபட அமாவாசைதோறும் திருவள்ளூருக்கு நடந்து வந்தவர்கள், இனி வண்டியில் வந்து அன்றே மீளலாம் என்ற நிலை ஏற்பட்டது. 1899-இல் சென்னையும் விசயவாடாவும் இருப்புப்பாதையால் இணைந்தன. கும்மிடிப்பூண்டி வழியே வடநாட்டிற்கு வண்டி சென்றது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் இராமேசுவரத்திற்கே தொடர்வண்டி சென்றது. ஒரு திங்கள் நடையை ஒன்றிரண்டு நாட்களில் முடிக்கலாயினர். தஞ்சையின் சத்திரங்களைத் தொட்டுச் சென்ற நடைவழியில் ஆள் நடமாட்டம் குறைந்தது. நள்ளிரவு மணியை அடிப்பதற்கு ஆள் இருந்தாலும், அதனைக் கேட்பதற்கு ஆள் இல்லாது போயிற்று.

மணிமேகலைக் காப்பியத்திலேயே இதனை ஒத்த ஒரு நிலை கூறப்படுகின்றது. அமுதசுரபியை முதலில் பெற்றவன் ஆபுத்திரன். மதுரையில் பசித்தோர்க்கெல்லாம் அவன் சோறிட்டான். பின்னர்ப் பாண்டிநாட்டில் நல்ல மழை பெய்தது. எங்கும் விளைவு பெருகியது. சோறு கேட்பார் இலராயினர். ஆபுத்திரன் ஊர் ஊராகச் சென்று 'உண்பார் உளரோ?' என்று தேடினான், கண்டோர் நகைத்தனர். எடுக்கக் குறையாத பாத்திரம் கையில் இருந்தும், ஏற்பார் இன்மையால் அது பயனற்றதாயிற்று. அப்போது அவன் பாத்திரத்தை வீட்டில் வைத்துப் பூட்டவில்லை. சாவக நாடு மழையின்றி வாடுகின்றது என்று கேட்டு, பசி உள்ள இடம் நோக்கி மரக்கலம் ஏறினான். இடைவழியில் மணிபல்லவத் தீவில் அவன் தனித்து விடப்பட்டதும், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உயிர் நீத்ததும் துயரக் கதை. ஆயினும் அவன் சென்ற திசை சரியான திசையே. பசி இடம் பெயர்ந்தால், பாத்திரமும் இடம் பெயர்தல் வேண்டும்.

இங்கிலாந்து விடுதிக்கும் நம் சத்திரத்திற்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் விளங்குகின்றது. வாணிகம் குன்றினால் விடுதியை மூடிவிடலாம். ஆனால், அறத்திற்கென்று எழுதிவைத்த நிலம் எங்கே போகும்? அதன் நெல் யாருக்கு உரியது? இவ்வினாவிற்கு விடை காண்பது பின்வந்தோர் கடமையாயிற்று. 1832-இல் சரபோசியும், 1855-இல் அவர் மகன் இரண்டாம் சிவாசியும் மறைந்தனர். தஞ்சையின் அரசுரிமை ஒழிந்தது. சத்திரங்களும் அவற்றின் சொத்துகளும் அரசின் பொறுப்பில் வந்து, பின்னர் உள்ளூர் ஆட்சிக் கழகங்களின் கையில் இருந்தன. வழிப்போக்கர் குறையக் குறைய, எஞ்சிய வருவாய் கல்விக்கும் மருத்துவத்திற்கும் திருப்பப்பட்டது. 1881-இல் திருவையாற்றில் சத்திர வருவாயைக் கொண்டு வடமொழிக் கல்லூரி ஒன்று தொடங்கப்பெற்றது.

அக்கல்லூரியில் நெடுங்காலம் தமிழுக்கு இடமில்லை. தமிழ் மண்ணில் விளைந்த நெல்லால் நடக்கும் கல்லூரியில் தமிழ் கற்க வழியில்லை என்பது அறிஞர் உள்ளத்தை வருத்தியது. தஞ்சை மாவட்டக் கழகத்தின் தலைவராய் விளங்கிய ஏ. டி. பன்னீர்செல்வமும், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவராகிய உமாமகேசுவரனாரும் இக்குறையைப் போக்க முற்பட்டனர். 1924-இல் அங்குத் தமிழ் வித்துவான் வகுப்பு தொடங்கியது. நாளடைவில் அரசர் கல்லூரி என்ற பெயரால் அது தமிழ்ப்புலவர் பலரை உருவாக்கியது. சத்திர வருவாயில் நடந்த மாணவர் விடுதிகளின் வாயிலும் பிற குலத்து மாணவர்க்குத் திறந்தது. முத்தம்பாள் சத்திரமே மாணவர் தங்கும் இடமாய்ச் சில காலம் பயன்பட்டது. புறத்தே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் உள்ளே அமர்ந்து உண்டு படித்தனர். பழைய குறை இவ்வாறு ஒரு பகுதியேனும் தீர்ந்தது.

எளியேனுக்கு யாப்பிலக்கணம் கற்பித்த ஆசிரியர் திருவையாற்றுக் கல்லூரியில் பயின்றவர். ஆகவே, முகமறியாத வழிப்போக்கர்க்கெனத் தஞ்சை மன்னர் ஒதுக்கிய நெல்லில் ஒரு மணியேனும் என் பங்கிற்கும் வந்தது என்றே கருதுகின்றேன். அறத்தின் பயன் எங்கெங்குச் சென்று சேரும் என்பதை அதனைச் செய்தவர் அறியார்.

வடசென்னையிலும் இத்தகைய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. ஐதரலியோடு கும்பினியார் போரிட்ட காலத்தில் 1782-இல் சென்னையைப் பஞ்சம் வாட்டியது. அப்போது பசித்தோர்க்குக் கஞ்சி வார்ப்பதற்கு மணியக்காரர் சத்திரம் எழுந்தது. கஞ்சிக்கு வந்தோருள் பலர் நோயாளிகளாய் இருந்தனர். ஆதலின் 18ஆம் நூற்றாண்டு முடியுமுன்னரே அங்கு மருத்துவமும் தொடங்கியது. அம்மருத்துவ நிலையமே வளர்ந்து, பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனை என்னும் பெயரைப் பெற்றது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பகுதியிலிருந்து நோயாளரை ஏற்றிச் செல்லும் வண்டிகள் இன்றும் அங்கு விரைகின்றன. அகவை முதிர்ந்தோர் அதனைக் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என்றே கூறுவர். கஞ்சித்தொட்டி போயிற்று, கஞ்சி வார்த்த உள்ளம் மருந்தாக மாறி நிற்கின்றது.

ஒரத்தநாட்டுக் கட்டடமோ பின்னாளில் ஆளொழிந்து பழுதுற்றது. சுவரில் செடி முளைத்தது, கூரை சிதைந்தது. கல்லில் செதுக்கிய தேரின் குதிரைகள், ஏறுவார் இன்றி நின்ற இடத்திலேயே நின்றன. கட்டடங்களைப் பேணுதல் நம் கடமை. ஆனால், கட்டடத்தைப் பேணி அதன் உயிரை மறப்பதில் பயனில்லை. அவ்வுயிரைப் பற்றி எண்ணுமாறு எம்மூர்ச்சாலையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி முடிப்பேன்.

கும்மிடிப்பூண்டியின் தொழிற்பேட்டையில் வேலை செய்வோருள் பலர் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். முன்னாளில் இராமேசுவரம் நாடி வடவர் வந்த திசையிலிருந்தே இவர்களும் வருகின்றனர். வேண்டுவது மட்டும் வேறு. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்று பரவியபோது, மார்ச்சுத் திங்கள் இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஆலைகள் அடைபட்டன, தொடர்வண்டிகள் நின்றன. கையிருப்புக் கரைந்தபின் வடநாட்டுத் தொழிலாளர் பலர், நூற்றுக்கணக்கான கல் தொலைவில் உள்ள தம் ஊர்களை நோக்கி இந்நெடுஞ்சாலையில் நடக்கத் தொடங்கினர். இருப்புப்பாதை வந்து நடைவழியை அழித்தது என்று முன்னர்க் கூறினோம். இருப்புப்பாதை நின்ற அன்றே நடைவழி மீண்டது, வழிப்போக்கன் மீண்டான். ஆனால், அவன் தங்குவதற்குச் சத்திரம் இல்லை.

அப்போது பள்ளிக்கூடங்களும் திருமண மண்டபங்களும் தங்கிடங்களாயின. அரசும் தொண்டர்களும் உணவு வழங்கினர். அந்நாட்களில் ஒரு மாலை, சாலையோரத்தில் சிற்றுண்டிக் கடை வைத்திருந்த மூதாட்டி ஒருத்தியைக் கண்டேன். கடை நடத்துவதற்கு அப்போது வழியில்லை. அவளிடம் இருந்ததும் சிறிதளவு அரிசியே. அதனைப் புளிச்சோறாக்கி, நடந்து வருவோர்க்கு வாழையிலையில் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பேசியது அவளுக்கு விளங்கவில்லை. அவள் பேசியது அவர்களுக்கும் விளங்கவில்லை. இருட்டிய பின் நான்கு பொட்டலங்கள் எஞ்சின. அவள் அவற்றைத் தன் வீட்டிற்கு எடுத்துச் செல்லவில்லை. கைவிளக்கை ஏந்தி, சற்றுத் தொலைவில் புளியமரத்தடியில் படுத்திருந்த இளைஞர்களிடம் சென்றாள். அயர்ந்து உறங்கிய ஒருவனின் தோளைத் தொட்டு, "எழுந்திரு சாமி, சாப்பிட்டுப் படு" என்றாள்.

அவள் சரபோசி மன்னரின் மடலைப் படித்தவள் அல்லள். முத்தம்பாளின் பெயரையும் கேட்டிருக்கமாட்டாள். எனினும் அந்த நள்ளிரவு மணியோசை அவள் குரலில் என் செவிக்குக் கேட்டது.

மாணவர்களே! நீங்கள் பேருந்தில் செல்லும்போது ஏதேனும் ஒரு சத்திரத்தின் பெயரையோ சாவடியின் பெயரையோ நடத்துநர் கூவக் கேட்பீர்கள். அப்பெயரை இடையில் வரும் ஓர் ஊர்ப்பெயராக மட்டும் எண்ணிவிடாதீர்கள். அங்கு ஒரு காலத்தில் யாரோ ஒருவர் முகமறியாதவர்க்கு உலை வைத்தார். வாயில் அடைபட்டது, கூரை வீழ்ந்தது, நிலம் கைம்மாறியது. ஆயினும் 'நீ உண்டாயா?' என்ற வினா அடைபடவில்லை. உங்கள் வகுப்பிற்குப் புதிதாய் வந்து ஒருவரோடும் பேசாது அமர்ந்திருக்கும் மாணவனிடமும், உங்கள் தெருவில் மொழி தெரியாது வழி கேட்டு நிற்கும் தொழிலாளியிடமும் அவ்வினாவைக் கேட்பதற்கு நிலமும் வேண்டா, பொன்னும் வேண்டா. கேட்கும் மனம் ஒன்றே போதும்.